ஆளுக்கொரு குழி

ஒரு முள்காட்டுக்குள் ஒரு குட்டை இருந்தது. அந்தக் காட்டில் தண்ணீர் என்று சொல்ல அது ஒன்றுதான். காட்டெருமை, காட்டுப்பன்றி, நரி, முயல் எல்லாம் அதில்தான் குடித்தன.

கோடையில் அங்கே ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் குறைய ஆரம்பித்துவிட்டால் யாரும் அதற்குள் கால் வைக்கக் கூடாது. ஓரத்தில் நின்று கழுத்தை நீட்டிக் குடிக்க வேண்டும். குடித்ததும் பேசாமல் போய்விட வேண்டும். ஏன் அப்படி என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. ஆனாலும் அப்படித்தான் நடந்துவந்தது.

அந்தக் குட்டைக்குள்ளேயே குடியிருந்தவள் அஞ்சலை என்கிற தவளை. சித்திரையில் திடீரென்று ஒரு மழை கொட்டியது. இனி மழைதான் என்று நம்பி அவள் முட்டையிட்டுவிட்டாள். பிறகு ஒரு சொட்டுக்கூட விழவில்லை. முட்டையெல்லாம் பொரிந்து, கறுப்புக் கறுப்பாகத் தலைப்பிரட்டைகள் ஓரத்தில் நீந்தின. தலையும் வாலும் மட்டும்தான் இருந்தன. கால் இன்னும் முளைக்கவில்லை. கால் முளைக்கும்வரை தண்ணீரை விட்டு ஒரு விரல் தூரம்கூட நகர முடியாது. தண்ணீர் போனால் உயிரும் போச்சு.

"இன்னும் ரெண்டு வாரம். ரெண்டு வாரம் மட்டும் இரு தண்ணியே" என்று அஞ்சலை தினமும் குட்டையிடம் கெஞ்சுவாள். வேறு யாரிடமும் அவள் வாயைத் திறக்க மாட்டாள். பெரிய மிருகங்களைக் கண்டால் கோரைப்புல்லுக்குள் ஒளிந்துகொள்வாள்.

ஒருநாள் காலையில் நரிக்கும் காட்டெருமைக்கும் தகராறு வந்தது.

"மாமா! நீங்க ஒரு தடவை குடிக்கிறதை நாங்க நாலு நாள் குடிக்கலாம்! கொஞ்சம் பார்த்துக் குடிங்க!" என்றது நரி.

"எனக்கு வாய் பெருசு. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? தைச்சுக்கவா?" என்றது காட்டெருமை.

"நான் வர்றதுக்குள்ள தண்ணி கீழே போயிடுது. இப்படியே போனா எனக்கு மிச்சம் இருக்குமா?" என்று முயல் மூக்கை உறிஞ்சியது.

நரி ஒரு யோசனை சொன்னது.

"சண்டையே வேண்டாம்! தண்ணிக்குள்ளேயே ஆளுக்கொரு குழி தோண்டிப்போம். குட்டை வத்தினாலும் குழியில தண்ணி நிக்கும். என் குழியில நான் குடிப்பேன், உங்க குழியில நீங்க குடிங்க. யாரும் யாரையும் கேட்க வேண்டாம்!"

"தண்ணிக்குள்ள கால் வைக்கக் கூடாதே?" என்றது முயல்.

"அதைச் சொன்னவங்களுக்குத் தோண்டத் தெரியாது! நமக்கு என்ன குறை? நம்ம சடையன் அண்ணன் இருக்காரே! அவர் மூக்குக்கு முன்னாடி எந்த மண்ணு நிக்கும்?"

சடையன் என்பவன் காட்டுப்பன்றி. நல்ல மனசுக்காரன். ஆனால் யாராவது புகழ்ந்துவிட்டால் போதும், தலை கால் புரியாது. முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"எங்கே தோண்டணும்? சொல்லு!"

அன்றைக்கே வேலை ஆரம்பித்தது. சடையன் தண்ணீருக்குள் இறங்கி மூக்கால் முட்டினான். கொம்புப் பல்லால் கிளறினான். அடியில் இருந்த களிமண் வழவழ என்று வந்தது. அதை வாரி வாரிக் கரைக்கு வெளியே எறிந்தான். காட்டெருமைக்கு ஒரு குழி, நரிக்கு ஒரு குழி, முயலுக்கு ஒரு சின்னக் குழி, தனக்கு ஒரு பெரிய குழி.

அத்தோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

மறுநாள் நரி வந்து எட்டிப் பார்த்தது. "என்ன அண்ணே இது? மாமா குழி என் குழியைவிட ஆழமா இருக்கு! என் தண்ணியெல்லாம் அங்கே போயிடுமே! எனக்கு இன்னும் கொஞ்சம் தோண்டு!"

நரிக்குத் தோண்டியதும் காட்டெருமைக்குக் கோபம் வந்தது. "அவனுக்கு மட்டும் ஆழமா? எனக்கும் தோண்டுடா!" காட்டெருமைக்குத் தோண்டியதும் முயல் அழுதது. முயலுக்குத் தோண்டியதும் சடையனுக்குத் தன் குழி மேடாகத் தெரிந்தது. நாலு நாள் இப்படியே போனது. கரைக்கு வெளியே எறிந்த களிமண் வெயிலில் காய்ந்து பாறை மாதிரி ஆகிவிட்டது.

ஓரத்துத் தண்ணீரெல்லாம் குழிகளுக்குள் இறங்கியது. அஞ்சலை காலையில் வந்து பார்த்தால், ஐயோ! அவளுடைய பிள்ளைகளின் முதுகு வெளியே தெரிந்தது. வெயில் நேராக அவர்கள் மேல் விழுந்தது. அவள் அவர்களைப் பின்னங்காலால் தள்ளித் தள்ளி உள்ளே விட்டாள்.

"ஏ அஞ்சலை! இங்கே வா!" என்று கரையிலிருந்து ஒரு குரல் கேட்டது. வளைக்குள்ளிருந்து கறுப்பாயி என்கிற நண்டு கண்ணை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பன்னி என்ன செய்யுதுன்னு தெரியுதா உனக்கு? நான் வளை தோண்டிப் பிழைக்கிறவ. இந்தக் களிமண்ணுக்குக் கீழே என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். மணல்! வெறும் மணல்! இந்தக் களிமண்தான் தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கு. இது கிழிஞ்சா ஒரு சொட்டு நிக்காது. போய்ச் சொல்லு!"

அஞ்சலைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அக்கா, நீங்களே சொல்லுங்களேன். எனக்குப் பேச வராது."

"நான் வெளியே வந்தா நரி என்னைப் பேச விடுமா? கடிச்சு மென்னுடும். உனக்குப் பிள்ளைங்க இருக்கு. நீதான் சொல்லணும்."

அஞ்சலை போனாள். எல்லாரும் குழிகளைச் சுற்றி நின்றிருந்தார்கள். 

"வந்து... கீழே... மணலு..." என்றாள்.

"என்ன, கொசு பாடுதா?" என்று நரி காதைத் தட்டிக்கொண்டது. முயல்கூடச் சிரித்துவிட்டது.

அஞ்சலை அப்படியே குறுகிப்போனாள். அப்போது சடையன் அவளைக் குனிந்து பார்த்தான்.

"சிரிக்காதீங்கப்பா! பாவம், பிள்ளைக்காரி. என்ன தங்கச்சி, உனக்கும் ஒரு குழி வேணுமா? பிள்ளைங்களை விட்டுக்க?"

அஞ்சலை இல்லை என்றுதான் சொல்ல வந்தாள். மணலைப் பற்றித்தான் சொல்ல வந்தாள். ஆனால் வெயிலில் தெரிந்த அந்தக் கறுப்பு முதுகுகள் அவள் கண்முன் வந்தன. எல்லாரும்தான் தோண்டிக்கொண்டார்கள். அவளுடையது ஒரு சின்னக் குழி. அதனாலா கிழியப்போகிறது?

அவள் தலையை ஆட்டிவிட்டாள்.

சடையன் பெரிய குழிகளுக்கு நடுவில் அவளுக்கு ஒரு குழி தோண்டினான். ஓரத்திலிருந்து அதுவரைக்கும் ஒரு வாய்க்காலும் கீறிவிட்டான். தலைப்பிரட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே நீந்திவந்தன. குளிர்ந்த தண்ணீரில் வாலை ஆட்டி விளையாடின. அஞ்சலைக்கு உயிர் வந்தது. அன்றைக்கு முழுக்க அவள் கறுப்பாயி இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த நாள் பார்த்தால் அந்தக் குழியிலும் தண்ணீர் ஒரு விரல் இறங்கியிருந்தது. பக்கத்தில் காட்டெருமையின் குழி இன்னும் ஆழமாக இருந்தது.  மற்றவர்களோடு சடையனும் குடிக்க வந்ததும் அவள் அவனிடம் தத்திப் போனாள். இந்தத் தடவை அவளுக்குப் பேச்சு வந்தது.

"அண்ணே, இன்னும் கொஞ்சம் ஆழமா வேணும்ண்ணே."

"போதும் தங்கச்சி. மண்ணு ஒரு மாதிரி வருது. கலர் வேற மாறுது."

"ஒரே ஒரு முட்டு அண்ணே! என் பிள்ளைங்களுக்காக. இனிமே கேட்கவே மாட்டேன்!"

சடையனுக்கு மறுக்க மனம் வரவில்லை. பிள்ளைகள் மேல் படாமல் ஒரு ஓரமாக மூக்கை வைத்தான். முட்டினான்.

பொத்!

மூக்கு உள்ளே போனது. வழவழப்பாக இருக்க வேண்டிய இடம் சொரசொரப்பாக இருந்தது. அவன் மூக்கை வெளியே எடுத்தான். மூக்கு நிறைய வெள்ளை மணல்.

"இது என்ன..." என்று அவன் சொல்லி முடிக்கவில்லை. குழிக்குள் ஒரு சத்தம் கேட்டது. களக், களக், களக் என்று யாரோ பெரிய தொண்டையால் குடிப்பது மாதிரி சத்தம்.

தண்ணீர் சுழன்றது. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. அஞ்சலையின் குழி வற்றியது. பக்கத்துக் குழிகளுக்கு நடுவில் இருந்த வரப்பெல்லாம் மெலிந்துபோயிருந்தன. ஒவ்வொன்றாகச் சரிந்தன. காட்டெருமையின் தண்ணீர் வந்து விழுந்தது. நரியின் தண்ணீர் வந்து விழுந்தது. இத்தனை நாள் சண்டை போட்டுப் பிரித்து வைத்த தண்ணீர் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு ஓட்டைக்குள் ஓடியது!

காட்டெருமை வாயில் புல்லோடு நின்றது. மெல்ல மறந்துவிட்டது. முயலுக்குக் காது இரண்டும் விறைத்துவிட்டன. "என் தண்ணி! என் தண்ணி!" என்று நரி முன்னங்காலால் தண்ணீரை அணைத்துப் பிடிக்கப் பார்த்தது. தண்ணீரை எப்படிப் பிடிப்பது? கால் இடுக்கில் நழுவிப் போனது.

அந்தச் சுழலில் கறுப்புக் கறுப்பாக எதுவோ சுற்றியது. அஞ்சலை பார்த்தாள். அவளுடைய பிள்ளைகள்! வாலை அடித்து அடித்து எதிர்த்து நீந்தின. முடியவில்லை. ஒன்று ஓட்டைக்குள் போனது. இன்னொன்று போனது. பிறகு ஒரு கொத்தாகப் போயின.

யாரும் அசையவில்லை. அசையத் தோன்றவில்லை.

"படுங்க!"

யார் குரல் அது? எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கொசு மாதிரிப் பேசிய அஞ்சலைதான்! தொண்டை பலூன் மாதிரி உப்பிப்போய்க் கத்தினாள்.

"சடையன் அண்ணே! ஓட்டை மேலே படுங்க! உங்க வயித்தை வச்சு அடைங்க!"

சடையன் யோசிக்கவே இல்லை. தொப்பென்று அப்படியே ஓட்டையின் மேல் விழுந்தான். அவனுடைய தொந்தி ஓட்டைக்குள் ஆப்பு மாதிரி இறங்கியது. களக் சத்தம் நின்றது. சுழல் நின்றது. மிச்சம் இருந்த தண்ணீர் அவனைச் சுற்றிக் கொஞ்சமாகத் தேங்கி அமைதியானது.

"அசையாதீங்க அண்ணே!"

"அசையலை தங்கச்சி. ஆனா கீழே இழுக்குது. வயிறு உள்ளே போற மாதிரி இருக்கு. எவ்வளவு நேரம் தாங்கும்னு தெரியலை!"

அப்போது கரையிலிருந்து கடகடவென்று ஒரு உருவம் ஓடிவந்தது. கறுப்பாயி! பட்டப்பகலில், நரியின் மூக்குக்கு நேராக ஓடிவந்தாள். நரியின் வாயில் எச்சில் ஊறியது.

"என்னடா பார்க்கிறே? தின்னணும்னா நாளைக்குத் தின்னு! இன்னைக்கு என்னைத் தின்னா இதை அடைக்கிற வழி உனக்குத் தெரியுமா?" என்று கொடுக்கைத் தூக்கினாள்.

நரி எச்சிலை விழுங்கிக்கொண்டது.

"களிமண் வேணும். சீக்கிரம்!" என்றாள் கறுப்பாயி.

முயல் ஓடிப்போய், வெளியே எறிந்த களிமண்ணைக் கடித்துப் பெயர்க்கப் பார்த்தது. பல்தான் வலித்தது. "பாறையா இருக்கு! இதைக் கரைக்கவே ஒரு குட்டைத் தண்ணி வேணுமே!"

"அப்போ ஈரக் களிமண்ணுக்கு எங்கே போறது?" என்றது காட்டெருமை.

"உங்க குழியிலதான் இருக்கு. குழியோட சுவரை இடிச்சுத் தள்ளுங்க!"

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தண்ணீர் போனாலும் குழி இருக்கிறதே! மழை பெய்தால் அதில் நிற்குமே! நரி மெல்லத் தன் குழிக்கு முன்னால் போய் நின்றுகொண்டது.

"என் குழியை எதுக்கு இடிக்கணும்? ஓட்டை என் குழியிலயா விழுந்துச்சு? அவ குழியிலதானே? அவதானே கேட்டா?"

அஞ்சலை தன் குழியைப் பார்த்தாள். அது உண்மைதானே?

கறுப்பாயிதான் பதில் சொன்னாள். "கடைசி முட்டு அவளுக்காக முட்டினது. அதுக்கு முன்னாடி சுரண்டிச் சுரண்டி மெலிசாக்கினது யாரு? நாலு பேரும்தானே? அவ பிள்ளைங்களைப் பறிகொடுத்துட்டு நிக்கிறா. நீ குழியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறே!"

"டேய், பேசிக்கிட்டே இருக்கீங்களேடா! என் வயிறு!" என்று சடையன் அலறினான்.

காட்டெருமைதான் முதலில் நகர்ந்தது. நேராகத் தன் குழிக்குள் இறங்கியது. நாலு காலாலும் மிதித்துச் சுவரை இடித்தது. ஈரக் களிமண்ணைக் கொம்பால் தள்ளிக்கொண்டு வந்தது. முயல் தன் சின்னக் குழியைப் பின்னங்காலால் உதைத்து மூடியது. நரி கொஞ்ச நேரம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. பிறகு அதுவும் மண்ணை வாயால் கவ்வ ஆரம்பித்தது.

சடையனின் ஒரு பக்கத்தில் களிமண்ணைக் கொட்டினார்கள். காட்டெருமை மிதித்தது. "இப்போ ஒரு விரல் எழும்புங்க!" என்றாள் கறுப்பாயி. சடையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு விரல் எழும்பினான். அடியில் மண்ணைத் திணித்தார்கள். மிதித்தார்கள். "இன்னும் ஒரு விரல்!" மறுபடியும் திணித்தார்கள். வெயில் சாயும்வரைக்கும் இதே வேலைதான். கடைசியில் சடையன் எழுந்து தள்ளாடி நின்றபோது அவன் படுத்த இடம் வழவழ என்று மூடியிருந்தது. ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை.

ஆனால் குட்டை எங்கே? நடுவில் ஒரு மாட்டுக் குளம்பு முழுகுகிற அளவுக்குக் கலங்கிய தண்ணீர். அவ்வளவுதான்.

எல்லாருக்கும் நாக்கு வறண்டிருந்தது. காட்டெருமை குடிக்கக் குனிந்தது. அஞ்சலை வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? காலையிலிருந்து வேலை செய்தவர்களுக்குத் தாகம் இருக்காதா? அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

உறிஞ்சுகிற சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தாள்.

காட்டெருமை மூக்கைத் தண்ணீருக்கு மேலே வைத்தபடி நின்றிருந்தது. அதன் மூக்குக்குக் கீழே, கலங்கல் தண்ணீரில், மிச்சம் இருந்த தலைப்பிரட்டைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.

"நான் ஒரு வாய் வச்சா இது மொத்தமும் போயிடும்" என்றது காட்டெருமை. தலையைத் தூக்கியது. "மலைக்கு அந்தப் பக்கம் ஆறு இருக்கு. ஒரு நாள் நடக்கணும். நடப்போம். வாங்க."

"ஒரு நாளா?" என்று நரி முனகியது. ஆனாலும் நடந்தது. முயலைக் காட்டெருமை முதுகில் ஏற்றிக்கொண்டது. சடையன் வயிறு முழுக்கச் சேறோடு கடைசியாகப் போனான். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

அவர்கள் போன பிறகு அஞ்சலையும் கறுப்பாயியும் கோரையை அறுத்துவந்து அந்தத் தண்ணீர் மேல் நிழல் போட்டார்கள். பன்னிரண்டு நாள் அப்படியே காவல் இருந்தார்கள். பதின்மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. அதற்குள் பிள்ளைகளுக்குக் கால் முளைத்துவிட்டது.

எல்லாரும் ஆற்றிலிருந்து திரும்பி வந்தார்கள். முதல் வேலையாக, கரைக்கு வெளியே கிடந்த களிமண் மழையில் ஊறியதும் அதை உள்ளே தள்ளினார்கள். மிச்சக் குழிகளை மூடினார்கள். அடிமண்ணை ஒரே சமமாக மிதித்தார்கள். நரிதான் அதிகமாக மிதித்தது. யாரும் அதைச் சொல்லிச் சிரிக்கவில்லை.

புல்லில் குட்டித் தவளைகள் தத்திக்கொண்டிருந்தன. சடையன் தயங்கித் தயங்கி அஞ்சலையிடம் வந்தான்.

"தங்கச்சி... அன்னைக்கு ஓட்டைக்குள்ள எத்தனை போச்சு?"

அஞ்சலை குட்டித் தவளைகளைப் பார்த்தாள். மூடியிருந்த அந்த இடத்தைப் பார்த்தாள்.

"எனக்கு எண்ணத் தெரியாதுண்ணே. ஆனா குறையுதுன்னு தெரியுது."

  சடையன் அவளுக்குப் பக்கத்தில் மழையில் அப்படியே உட்கார்ந்துகொண்டான்.

எல்லாருக்கும் பொதுவான தண்ணீரை ஒவ்வொருவரும் தனக்கென்று ஆழமாகத் தோண்டினால், கடைசியில் அது யாருக்கும் இல்லாமல் போய்விடும்.